பார்க்கிங் தண்டத் துண்டு: தபால் கந்தோருக்கா, கோர்ட்டுக்கா?

கேட்டவர் சொன்னது இவ்வளவுதான். மலையக நகரமொன்றின் பிரதான வீதியில், பாமசிக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு மருந்து எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது பொலிஸார் நின்றார்கள். லைசனை வாங்கிக்கொண்டு தண்டப்பணத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 'நிறுத்தக் கூடாது' பலகை அங்கே இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மரக்கிளைக்குள் மறைந்து கிடந்தது என்கிறார். "ஐந்து நிமிஷம்தான் நிறுத்தினேன், துண்டையும் சிங்களத்தில்தான் எழுதியிருக்கிறார்கள், வழக்குப் பேசினால் வெல்லலாமா?" என்பது கேள்வி. வெல்லலாமா என்று கேட்டாலும், அவர் முதலில் அறிய வேண்டியது வேறு: யோசிக்க எத்தனை நாள் இருக்கிறது, அந்த நாட்களுக்குள் எதைச் செய்தால் வழக்குப் பேசும் உரிமை போய்விடும் என்பது.

முதலில் கையில் இருக்கும் துண்டு எது என்று பாருங்கள். நம் நகரங்களில் வாகனம் நிறுத்துவது தொடர்பாக இரண்டு வகைத் துண்டு புழக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் 'பார்க்கிங் துண்டு' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. ஒன்று மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ வீதியோரத்தில் நிறுத்தும் இடத்துக்கு வாங்கும் கட்டணத்துக்கான ரசீது. பல சபைகள் இதை டெண்டருக்கு விடுவதால், துண்டு கிழிப்பவர் சபை ஊழியராக இல்லாமல் குத்தகைக்காரரின் ஆளாக இருப்பார். அவர் கட்டணம் கேட்கலாம். லைசனைக் கேட்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. துண்டில் சபையின் பெயர், தொடர் இலக்கம், தொகை மூன்றும் அச்சில் இல்லாவிட்டால் காசு கொடுக்குமுன் கேள்வி கேளுங்கள். கூடுதலாக வாங்கிவிட்டார் என்றால் துண்டின் படத்தோடு எழுத்தில் முறையிட வேண்டியது மாநகர சபையில் ஆணையாளரிடம், நகர சபையிலும் பிரதேச சபையிலும் செயலாளரிடம். அதில் பொலிஸுக்கும் கோர்ட்டுக்கும் வேலையில்லை.

மற்றது பொலிஸ் எழுதும் தண்டப்பணத் துண்டு. உங்கள் கையில் இருப்பது இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் சில குற்றங்களுக்கு மட்டும், கோர்ட்டுக்குப் போகாமலே குறித்த தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. வாகனம் நிறுத்தும் குற்றம் அந்தப் பட்டியலில் வருகிறது. இது வசதிதானே தவிரத் தீர்ப்பு அல்ல. பொலிஸ் உத்தியோகத்தர் உங்களைக் குற்றவாளியாகக் காணவில்லை. குற்றம் செய்ததாகத் தான் நம்புவதாக எழுதி, "ஒப்புக்கொண்டால் இவ்வளவைக் கட்டு, ஒப்புக்கொள்ளாவிட்டால் கோர்ட்டுக்கு வா" என்கிறார். ஆகவே 'துண்டுக்கு எதிராக மேன்முறையீடு' என்று தனியாக ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். கட்டாமல் இருந்து, கோர்ட்டில் குற்றத்தை மறுப்பதுதான் எதிர்ப்பு. கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், விஷயம் அதோடு முடிந்தது. கட்டிவிட்டு 'மறுப்புடன் கட்டினேன்' என்று கடிதம் போடுவதால் எந்தப் பலனும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு புது விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2025இல் தொடங்கிய கவ்பே (GovPay) என்ற, அரசாங்கக் கட்டணங்களை இணையத்தில் கட்டும் முறை வழியாக, துண்டு எழுதிய இடத்திலேயே செல்பேசியில் தண்டத்தைக் கட்டிவிட்டு லைசனைக் கையோடு திருப்பி வாங்கும் முறை வந்திருக்கிறது. லைசனுக்காக மறுபடி பொலிஸ் நிலையத்துக்கு ஏறி இறங்கத் தேவையில்லாததால் சாரதிகளுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கோபத்தோடும் அவசரத்தோடும் வீதியோரத்தில் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் வழக்குப் பேசும் உரிமையும் சேர்ந்தே போய்விடுகிறது. பலகை மறைந்திருந்தது என்று மனதில் இருந்தால் அங்கே வைத்துக் கட்டாதீர்கள். துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, துண்டு எழுதுமுன் 'பார்த்துச் செய்யுங்கள்' என்று நோட்டை மடித்து நீட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் குற்றவாளி. பார்க்கிங் தண்டத்துக்குப் போய் அந்த வழக்கில் மாட்டிக்கொள்வது அறிவல்ல.

இனி நாள் கணக்கு. துண்டு எழுதிய திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் தபாலகத்தில் குறித்த தொகையைக் கட்டலாம். அது தவறினால் 28 நாட்கள் வரை இரட்டிப்புத் தொகை. அதற்கும் பிறகு கோர்ட்தான். அந்த முதல் 14 நாளைக்கு உங்கள் துண்டே தற்காலிக லைசன், அதை வைத்துக்கொண்டு ஓட்டலாம். இதில்தான் ஆட்கள் அதிகமாகச் சறுக்குகிறார்கள். துண்டில் 'செல்லுபடியாகும் காலம்' என்று கையால் எழுதிய இரண்டு திகதிகள் இருக்கும். பின்னைய திகதி கடந்த மறுநாள் நீங்கள் ஸ்டியரிங் பிடித்தால், லைசன் இல்லாமல் ஓட்டிய ஆள் ஆகிவிடுகிறீர்கள். அது பார்க்கிங்கை விடப் பெரிய குற்றம், விபத்து ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகும். போயா, ஞாயிறு, அரச விடுமுறை எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான். 14ஆம் நாள் போயாவில் விழுந்து தபாலகம் பூட்டியிருந்தால் அது உங்கள் பாடு. ஆகவே பத்தாம் நாளைக் கடைசி நாளாக நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து உப தபாலகத்தை நம்பி இருக்காமல் நகரத்துத் தபாலகத்துக்கே போய்விடுவது நல்லது. கட்டினால் முத்திரை குத்திய ரசீதைப் படமெடுத்துக்கொண்டு, மூலப்பிரதியோடு துண்டு எழுதிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போனால் லைசன் கிடைக்கும். துண்டைத் தொலைத்தால் அன்றைக்கே அந்த நிலையத்தில் முறைப்பாடு பதிந்து என்ட்ரியின் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்குப் பேசுவது என்று யோசித்தால் துண்டை வரி வரியாக வாசியுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வாசியுங்கள், ஊகிக்காதீர்கள். வாகன இலக்கம், வீதியின் பெயர், நேரம், சட்டப் பிரிவின் இலக்கம், எழுதியவரின் பொலிஸ் இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், ஆஜராக வேண்டிய திகதி ஆகியவற்றைத் தனித் தாளில் தமிழில் பெயர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்றத் திகதி தெளிவில்லாவிட்டால் போக்குவரத்துப் பிரிவில் கேட்டு எழுதி வாங்குங்கள். எழுத்துப் பிழை ஒன்று கண்ணில் பட்டதும் வழக்கு வென்றுவிட்டதாக எண்ண வேண்டாம். பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பது, விலாசம் பாதியாக இருப்பது போன்றவை வழக்கைக் கவிழ்க்காது. பிழையால் நீங்கள் உண்மையில் தவறாக வழிநடத்தப்பட்டீர்களா என்றுதான் பார்ப்பார்கள், குற்றச்சாட்டைத் திருத்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் இடம் மாறியிருந்தால் கதை வேறு. பலகை இருப்பது பாமசிப் பக்கம், துண்டில் எழுதியிருப்பது பஸ் நிலைய வீதி என்றால் அது சொற்பிழை அல்ல, அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய விஷயத்திலேயே ஓட்டை.

உங்கள் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். 'ஐந்து நிமிஷம்தான்' என்பது எதிர்வாதமே அல்ல, நிறுத்தியதை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். பலகையில் ஒரு சாய்வுக் கோடு என்றால் நிறுத்தி வைக்கக் கூடாது என்று பொருள், ஆளை இறக்கிவிட்டு உடனே நகர்வதற்கு ஓரளவு இடமுண்டு. இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால் நிற்கவே கூடாது. முதல் வகைப் பலகையில், சாரதி ஆசனத்தில் இருந்தாரா, எஞ்ஜின் ஓடியதா, ஆள் ஏறி இறங்கியதா என்பதெல்லாம் பேச உதவும். நீங்களோ வேனைப் பூட்டிவிட்டுக் கடைக்குள் போயிருக்கிறீர்கள், ஆகவே அந்த வழி உங்களுக்கு இல்லை. 'பக்கத்தில் நான்கு வாகனம் நின்றது, அவர்களுக்கு எழுதவில்லை' என்பதும் எடுபடாது. ஹசாட் லைட் போட்டிருந்தேன் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த லைட் நிறுத்துவதற்கான அனுமதி அல்ல.

மொழி விஷயத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். படக்குறிப் பலகைக்கு மொழி இல்லை, அது தமிழில் இல்லை என்று சொல்வதில் பயன் இல்லை. ஆனால் பலகைக்குக் கீழே சிறு தட்டில் 'காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை' என்று சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்து, நீங்கள் அந்த நேரத்தைப் புரியாமல் நிறுத்தியிருந்தால் அதைச் சொல்லலாம். நீதவான் ஏற்பார் என்று உறுதி சொல்ல முடியாது, தண்டத் தொகையைக் குறைக்க உதவலாம். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. அங்கே தமிழ் இல்லாத அரச அறிவித்தலைப் பற்றி அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுவது நியாயமானது, செய்யவும் வேண்டும். அந்த முறைப்பாடு உங்கள் தண்டத்தை ரத்துச் செய்யாது. இரண்டையும் கலந்து கோர்ட்டில் பேசினால் முக்கியமான வாதம் அமுங்கிவிடும்.

முக்கியமான வாதம் மரக்கிளைதான். சாரதிக்குத் தெரியாத பலகையால் சாரதியைக் கட்டுப்படுத்த முடியுமா என்பது உண்மையான கேள்வி, நீதவான் காது கொடுக்கக்கூடிய கேள்வி. ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. சபை ஆட்கள் எந்த நேரமும் அந்தக் கிளையை வெட்டிவிடலாம், ஆகவே இன்றைக்கே படமெடுங்கள். பலகையை மட்டும் பெரிதாக எடுத்த படம் பிரயோசனமில்லை. நீங்கள் வந்த திசையில், வேனின் சாரதி ஆசனத்தில் கண் இருக்கும் உயரத்தில் செல்பேசியைப் பிடித்து, ஐம்பது அடியில் ஒன்று, இருபது அடியில் ஒன்று, நிறுத்திய இடத்திலிருந்து ஒன்று எடுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய், கம்பமும் கிளையும் பாமசியின் பெயர்ப்பலகையும் வேன் நின்ற இடமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம். தண்டம் எழுதிய அதே நேரத்தில் எடுப்பது நல்லது. மாலை நான்கு மணிக்கு மேல் நம் பக்கம் மூடுபனி இறங்கினால் இருபது அடியில் இருக்கும் கம்பமே தெரியாது, அதுவும் உங்கள் சாட்சியம்தான். வீதியின் அடுத்த முனையில் வேறொரு பலகை தெளிவாக இருக்கிறதா என்றும் நேர்மையாகப் பாருங்கள். இருந்தால் பொலிஸ் அதைத்தான் காட்டும், மரக்கிளை வாதம் அங்கேயே பலமிழந்துவிடும்.

செல்பேசிப் படத்தைக் கோர்ட்டில் தூக்கிக் காட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, இப்படியான பதிவை முன்வைக்க விரும்புபவர் விசாரணைக்குக் குறித்த திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பாகவே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். பார்க்கிங் வழக்கில் இவ்வளவு கறாராகப் பார்ப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அறிவித்தல் கொடுத்திருந்தால், அது தரவில்லை என்று எவரும் ஆட்சேபிக்க முடியாது. எடுத்த செல்பேசியை மாற்றாமல் வைத்திருங்கள். பாமசிக்காரர் சாட்சி சொல்ல வருவார் என்றால் அது படத்தை விடப் பெறுமதி, மருந்து வாங்கிய பில்லும் நேரத்தைக் காட்டும்.

இதற்கு மேல் ஒன்று கேட்கலாம்: அந்த இடம் நிறுத்தத் தடை செய்யப்பட்ட இடம் என்று முறைப்படி எப்போது, எவரால் தீர்மானிக்கப்பட்டது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் இதைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கவனியுங்கள், அது 14 வேலை நாள், உங்கள் தண்டத் துண்டுக்கு 14 நாட்காட்டி நாள். துண்டு கிடைத்த அன்றே கேட்டாலும், கட்டுவதா இல்லையா என்று முடிவெடுப்பதற்குப் பதில் நேரத்துக்கு வராது. வழக்குத் தவணைக்கு உதவும்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் வாசிப்பவர்களுக்கு உதவும் என்பதால் ஒன்று: மிகப் பலமான எதிர்வாதம் சபையின் கட்டணத் துண்டுதான். சபை கோடு போட்டுக் கட்டணம் வாங்கும் இடத்தில் நிறுத்தி, அதே நேரத்துக்கான துண்டும் கையில் இருக்க, பொலிஸும் தண்டம் எழுதியிருந்தால் அந்தச் சிறு காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அந்த மை சில வாரத்தில் வெளுத்துவிடும், அன்றே போட்டோப் பிரதி எடுத்துவிட வேண்டும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவிலும், பெரஹர நாட்களில் கண்டியிலும் தற்காலிகப் போக்குவரத்து ஒழுங்குகள் போடுவார்கள். நேற்று வரை நிறுத்திய இடம் இன்று தடை இடமாக இருக்கும். அப்போது சபைத் துண்டு இருந்தாலும், அங்கே நின்ற பொலிஸ் அன்று என்ன சொன்னார் என்பதே பெரிதாகிவிடும்.

கோர்ட் நாளில் காலை எட்டரைக்கே போய்விடுங்கள். எந்த ஊரில் குற்றமோ அந்த ஊர் நீதவான் நீதிமன்றம்தான், உங்கள் வீடு எங்கே என்பது பொருட்டல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா பார்க்க வந்து துண்டு வாங்கியவர் வழக்குப் பேச மறுபடி மலையேற வேண்டும். பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி நிற்பீர்கள், குற்றச்சாட்டை வாசிப்பார்கள். மொழி புரியாவிட்டால் தலையாட்ட வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி மொழிபெயர்ப்பு உங்கள் உரிமை, அரச செலவில். "தமிழில் சொல்லுங்கள் ஐயா" என்றால் போதும், உரைபெயர்ப்பாளர் சொல்லுவார். பலர் கூச்சப்பட்டு, புரியாத கேள்விக்கு 'ஓம்' என்று சொல்லிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே வருகிறார்கள். கேட்கப்படுவது குற்றவாளியா சுத்தவாளியா என்பதுதான். சுத்தவாளி என்றால் விசாரணைக்கு வேறு திகதி போடுவார்கள். அந்த இடத்திலேயே கதை முழுவதையும் சொல்லத் தொடங்க வேண்டாம். லைசனை விசாரணை முடியும்வரை விடுவிக்கும்படி அப்போதே கேளுங்கள். தருவதும் தராததும் நீதவானின் கையில்.

குற்றவாளி என்று சொல்வதாக இருந்தால், காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் துண்டில் எழுதிய தொகையோடு நீதவான் கட்டுப்பட்டவர் அல்ல, அதற்கு மேலும் விதிக்கலாம். ஆகவே ஒப்புக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் அதற்காகக் கோர்ட்டுக்குப் போவதில் அர்த்தமே இல்லை, தபாலகமே மலிவு. தவணைக்குப் போகாமல் விட்டால் பிடியாணை வரும், சாதாரண பார்க்கிங் விஷயம் பொலிஸ் வீட்டு வாசலுக்கு வரும் அளவுக்கு வளர்ந்துவிடும். தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் 14 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம், அதைச் சட்டத்தரணி இல்லாமல் செய்ய முயல வேண்டாம்.

இப்போது உங்கள் விஷயத்தில் என் அபிப்பிராயம். வழக்குப் பேசினால் குறைந்தது இரண்டு மூன்று தவணை. எழுதிய பொலிஸ்காரர் ஒருநாள் வராவிட்டால் இன்னொன்று கூடும். ஹயர் ஓடுபவருக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் வருமானம், அதற்கு மேல் லோயர் பீஸ். பார்க்கிங் தண்டம் அந்தக் கணக்கில் ஒரு மூலைக்கும் காணாது. ஆகவே காசை மிச்சம் பிடிக்க வழக்குப் பேசுவது நட்டம். படங்களை எடுத்துப் பார்த்தபின், இருபது அடியிலும் பலகை தெரியவில்லை, அடுத்த முனையிலும் வேறு பலகை இல்லை என்றால், நாள் ஒதுக்கவும் முடியும் என்றால், சுத்தவாளி என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பேச நியாயமான வழக்கு இருக்கிறது. இருபது அடியில் பாதிப் பலகையாவது தெரிந்தால் பத்தாம் நாளுக்குள் கட்டிவிடுங்கள்.

எதைச் செய்தாலும், கிளையை வெட்டும்படி சபைக்கு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வழக்குப் பேசுவதாக இருந்தால் படங்களை எடுத்து முடித்த பிறகு அனுப்புங்கள்.